திட்டம் மாறுகிறது, செலவு ஏறுகிறது: கேட்க வேண்டியவர் யார்?

தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமைகள்தான் மலையக நகரக் கடைக்காரனுக்கு வருடத்தின் நல்ல நாட்கள். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுபடும். லயங்களில் இருந்து ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு நகருக்கு இறங்குவார்கள். துணிக்கடை, பலசரக்குக் கடை, பாதணிக் கடை, பாத்திரக் கடை என்று எல்லாக் கல்லாவிலும் காசு விழும். புறக்கோட்டையில் நாங்கள் வாங்கிய கடனுக்குத் தவணை சொல்வதும் அந்தப் பதினான்கு நாட்களை நம்பித்தான்.

2018ஆம் ஆண்டு தீபாவளிக் காலத்தில் என் கடைக்கு முன்னால் நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. வீதியை அகலமாக்கி, வடிகான் கட்டி, காபட் போடும் வேலை. மூன்று மாதத்தில் முடியும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். பதினொரு மாதம் எடுத்தது. வாடிக்கையாளர் குழியைத் தாண்டி வருவதற்கு இரண்டு பலகைகளைப் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு பையனையும் நிறுத்தி வைத்தேன். கைப்பிள்ளையோடு வந்த பெண்கள் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். எங்கள் வரிசையில் ஒரு பாதணிக் கடை அந்த வருடத்தோடு மூடப்பட்டது.

ஊரின் பெயரும் கந்தோரின் பெயரும் இங்கே வேண்டாம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் குழிக்குள் இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு பாடம் நமது வர்த்தகர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதாலேயே எழுதுகிறேன்.

வேலை நடந்த பதினொரு மாதமும் நாங்கள் ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: "எப்போது முடியும்?" கேட்க வேண்டிய கேள்வி வேறு. "முதலில் போட்ட திட்டம் என்ன? இப்போது நடக்கும் வேலை அதுதானா? மாறியிருந்தால் யார் மாற்றியது? எவ்வளவு கூடியது?" இதை ஒருவரும் கேட்கவில்லை.

யாருடைய காசு?

வீதி என்பது அரசாங்கத்தின் காசில் நடப்பது, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் இருந்து இருநூறு மூட்டை ஏற்றிவரும் லொறி ஒன்று, வீதி வேலை காரணமாகச் சுற்றிவர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல், உதவியாளர் கூலி, ஒரு இரவுத் தங்கல் என்று மேலதிகமாக 4,000 ரூபாய் போனால் மூட்டைக்கு 20 ரூபாய். அதை மாவின் விலையில் வைத்தால் வாங்குபவன் கொடுக்கிறான். வைக்காவிட்டால் நாம் கொடுக்கிறோம். கொந்தராத்து முடியும் திகதி தள்ளிப் போகும் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இது முதல் செலவு. இரண்டாவது, வேலைக்கான காசு. அது நாம் கட்டும் வரியில் இருந்து வருகிறது. அல்லது வெளிநாட்டுக் கடனாக வந்து, பின்பு நமது வரியில் இருந்து அடைபடுகிறது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது, எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்ற லொறிச் சாரதிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கடைக்கு ஒரு தட்டு அடிக்கக் கொடுத்தால்கூட நாம் என்ன செய்கிறோம்? தச்சன் சொன்ன விலை என்ன, சொன்ன பலகை எது, இப்போது போட்டிருக்கும் பலகை எது என்று பார்க்கிறோம். இடையில் அவர் மாற்றினால் கேட்கிறோம். இதே புத்தியை வீதிக் காசு விடயத்தில் நாம் வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம்.

எந்த வீதி யாருக்குச் சொந்தம்?

கேட்பதற்கு முன் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். மலையகத்தில் வீதிகளுக்கு நான்கு வகை உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவிசாவளையில் இருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா வரும் ஏ 7 வீதி, பேராதனையில் இருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவைத் தொட்டுப் பதுளைக்குப் போகும் ஏ 5 வீதி போன்ற ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. நகருக்குள்ளும் கிராமத்துக்குள்ளும் உள்ள சிறு வீதிகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு உரியவை. நான்காவது, தோட்ட நிர்வாகங்களின் கையில் உள்ள தோட்டப் பாதைகள்.

இந்த நான்காவது வகையின் கதையைக் கேட்டால் வாக்குக்கும் வீதிக்கும் உள்ள உறவு விளங்கும். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் பிரஜாவுரிமையையும், அதைத் தொடர்ந்து வாக்கையும் இழந்தார்கள். அந்தப் பிரச்சினை முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவழிப்பதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். ஆனால் அந்த உறுப்பினரால் அவர்களின் பாதைக்குச் சபைக் காசில் ஒரு லோட் கல் கொட்ட முடியவில்லை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. வாக்கு இல்லாதபோது பாதை இல்லை. வாக்கு வந்தும் கணக்குக் கேட்கும் உரிமை வராதபோதும் பாதை இல்லை. அந்தப் பாதைகளில் இருந்து வரும் வாடிக்கையாளர்தான் நமது கடைகளுக்கு உயிர்.

வெறுமையான கதிரைகள்

மாகாணத்துக்கு உள்ளேயான பயணிகள் பஸ் சேவை, சரக்குப் போக்குவரத்து, தேசிய நெடுஞ்சாலை அல்லாத வீதிகள், பாலங்கள் ஆகியவை 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வருபவை. அப்படியானால் அவற்றின் திட்டமும் செலவும் மாறும்போது எழுந்து நின்று கேட்க வேண்டியவர் நாம் தெரிவு செய்த மாகாண சபை உறுப்பினர்.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21இல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய தொகுதி எல்லைகள் பற்றிய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், ஆதரித்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவம் குறையும் என்று நமது கட்சிகளும் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லையைத் திருத்தும் வேலை அப்படியே நின்றது, தேர்தலும் நின்றது. 2025ஆம் ஆண்டு முடியும் வரை ஒன்பது மாகாணங்களில் எதிலும் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்தினார்கள். வீதிகளுக்குக் காசு ஒதுக்கப்பட்டது, பஸ் அனுமதிப்பத்திரங்கள் கொடுபட்டன. கேள்வி கேட்கும் கதிரைகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

உள்ளூராட்சி சபைகளுக்கும் இதே கதி வரப் பார்த்தது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. ஆகவே இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் நிச்சயமாக இருப்பது நகர சபையும் பிரதேச சபையும்தான்.

கோப்பிக் காலத்துக் கணக்கு

செலவு ஏறுவது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. நமது மலைநாட்டுப் புகையிரதமே அப்படித்தான் பிறந்தது. கோப்பித் துரைமாரின் மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகக் கண்டிக்கு ரயில் வேண்டும் என்று 1845இலேயே ஒரு கம்பனி உருவானது. கப்டன் மூர்சம் என்ற பொறியியலாளர் ஆறு வழிகளை ஆராய்ந்து 1857இல் அறிக்கை கொடுத்தார். அவர் சிபாரிசு செய்த வழிக்கு மதிப்பீடு 856,557 பவுண். 1858 ஓகஸ்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். மூன்று வருடம் போனதும் அந்த மதிப்பீட்டுக்குள் வேலையை முடிக்கவே முடியாது என்பது தெரியவந்தது. 1861இல் கொந்தராத்து இரத்தானது. கம்பனியின் முதலை அரசாங்கம் திருப்பிக் கொடுத்து வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ரயில் கண்டியை அடைந்தது 1867இல், ஹட்டனை அடைந்தது 1884இல், நானுஓயாவை அடைந்தது 1885இல்.

அந்தக் காலத்தில் சட்டசபையில் இருந்த உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே. வாக்காளர் என்று ஒருவர் கிடையாது. அப்படியிருந்தும் 1864இல், இராணுவச் செலவு விடயத்தில் குடியேற்ற நாட்டின் காசை எங்களைக் கேட்காமல் செலவிடுவதா என்று ஆறு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அவர்களில் ஜோர்ஜ் வோல் போன்ற தோட்டமும் வியாபாரமும் செய்தவர்கள் இருந்தார்கள். வாக்கே இல்லாத காலத்தில் வியாபாரி கணக்குக் கேட்டான். வாக்குள்ள காலத்தில் நாம் குழிக்கு மேல் பலகை போட்டுக்கொண்டு இருக்கிறோம்.

இன்றைய உதாரணங்கள்

மாலபேயில் இருந்து கோட்டை வரை ஏறக்குறைய 16 கிலோமீற்றருக்கு இலகு ரயில் பாதை அமைக்க ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2019இல் கடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020 செப்டெம்பரில் அதை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. அது நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் காசு கொடுப்பவனிடம் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

மத்திய அதிவேக வீதியையும் பாருங்கள். மலைநாட்டு வியாபாரிக்குக் கொழும்பைக் கிட்டக் கொண்டுவரும் என்று சொல்லப்பட்ட வீதி அது. மீரிகமவில் இருந்து குருநாகல் வரையான நடுப் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்புப் பக்கம் அதைக் கடவத்தையோடு சேர்க்க வேண்டிய பகுதிக்குச் சீனாவின் எக்சிம் வங்கியிடம் 98.9 கோடி டொலர் கடன் 2019இல் பேசி முடிக்கப்பட்டிருந்தது. பொருளாதார நெருக்கடியில் அந்த வேலை நின்று, 2025 செப்டெம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. தலையும் வாலும் இல்லாமல் நடுத்துண்டு மட்டும் வருடக்கணக்காக இருந்தது. கண்டிப் பக்கம் போக வேண்டியவன் அதில் ஏறி இறங்கி மீண்டும் பழைய வீதிக்கே வந்தான். எந்தப் பகுதியை முதலில் கட்டுவது என்ற முடிவு எங்கே, எந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்று நமது உறுப்பினர்களிடம் நாம் கேட்டதுண்டா?

மற்ற நாடுகளில்

நம்மைப் போல மலை நாடான சுவிற்சர்லாந்தில் அல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் பாதை போடுவதா என்று 1992இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு 64 பேர் அளவில் ஆம் என்றார்கள். செலவு பெரிதாகத் தெரிந்ததும், காசை எப்படித் தேடுவது என்பதை 1998இல் இன்னொரு வாக்கெடுப்புக்கு விட்டார்கள். பாராளுமன்றத்தின் இரு சபைகளும் சேர்ந்து, திட்டத்தையும் செலவையும் கண்காணிக்கவென்றே ஒரு குழுவை அமர்த்தின. 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கம் 2016 ஜூனில் திறக்கப்பட்டது. அதே மக்கள் 2024 நவம்பரில் அதிவேக வீதிகளை அகலமாக்கும் திட்டத்தை நூற்றுக்கு 52.7 வீத வாக்குகளால் வேண்டாம் என்று நிறுத்தினார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 1996இல் அங்குள்ள மக்கள் ரயில், பஸ் திட்டமொன்றுக்காகத் தங்கள் மேல் வரி போட வாக்களித்தார்கள். ஏறக்குறைய 21 மைல் நீளமான பிரதான இலகு ரயில் பாதை பத்து வருடத்தில் வரும் என்பது வாக்குறுதி. மதிப்பீடு மீறிப் போகவே, 2001இல் முதற்கட்டத்தை 14 மைலாகக் குறைத்தார்கள். நாங்கள் வாக்களித்த திட்டம் இதுவல்ல என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றம் 2004இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தேவைப்பட்டால் திட்டத்தை மாற்றும் அதிகாரம், மக்கள் அங்கீகரித்த பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்பதே காரணம்.

வாக்குப் போட்டால் மட்டும் போதாது, எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று வாசிக்கவும் வேண்டும் என்பது அந்த வழக்கின் பாடம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தகவல் கேட்டபோது வந்தது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பாதணிக் கடை மூடப்பட்ட பிறகு, 2019 தொடக்கத்தில் என் மருமகனின் உந்துதலில் நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். மூன்றே கேள்விகள்: முதல் மதிப்பீட்டின் பிரதி, பின்பு செய்த மாற்றங்களும் அவற்றுக்கான காரணங்களும், இதுவரை கொடுத்த காசு.

முதல் தடவை பதில் வரவில்லை. மேன்முறையீடு செய்தேன். ஒரு மாதம் கழித்துப் பொதி ஒன்று வந்தது. இரவு கடை பூட்டிய பின் மேசையில் விரித்துப் பார்த்தேன்.

முதல் திட்டத்தில் வடிகான் மேல் தெருவில் தொடங்கி, கீழ்த் தெரு வழியாகப் போய் ஓடையில் சேர வேண்டும். மாற்றிய திட்டத்தில் வடிகான் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதிக் காசு மேல் தெருவின் நடைபாதைக்குக் கல் பதிக்கப் போயிருந்தது. மொத்தச் செலவும் ஏறியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: பிரதேச வர்த்தகர்களின் வேண்டுகோளின்படி.

அந்த வேண்டுகோளும் பொதிக்குள் இருந்தது. பன்னிரண்டு கையெழுத்துகள். மூன்றாவது என்னுடையது.

நினைவு வந்தது. ஒரு நாள் காலையில் லொறி இறக்கிக்கொண்டிருந்த நேரம், பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கடதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். "நானா, கடைக்கு முன்னால் கல் பதிக்கச் சொல்லி ஒரு கடிதம். ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார். சிட்டையில் கையெழுத்துப் போடுவது போலப் போட்டுக் கொடுத்தேன். வடிகானைக் குறைத்துத்தான் கல் வரும் என்று இரண்டாவது பந்தியில் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. வேலை பதினொரு மாதம் இழுபட்டதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

அந்த வருட மழையில் மேல் தெருத் தண்ணீர் முழுவதும் கீழ்த் தெருவில் இறங்கியது. அங்கே கடை உள்ளவர்கள் நம்மைவிடச் சிறியவர்கள். மரக்கறி விற்கும் ஓர் அம்மாவின் கிழங்கு மூட்டைகள் நனைந்து அழுகின. "எங்க தெருவுக்குத் தண்ணிய யாரு முதலாளி திருப்பினது?" என்று என்னிடம் வந்து கேட்டார். பொதி வருவதற்கு முன்பு கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

பிறகு கையெழுத்து வைத்தவர்களில் ஏழு பேர், கீழ்த் தெருக்காரர்களோடு சேர்ந்து சபை உறுப்பினர்களைச் சந்தித்தோம். இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மீதி வடிகான் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் சேர்ந்தது. கொரோனாவும் குறுக்கிட்டதால், அது ஓடையைப் போய்ச் சேரும்போது 2021 ஆகிவிட்டது.

மாற்றமே கூடாதா?

மாற்றம் தேவைப்படும் இடங்கள் உண்டு. மலையில் மண் சரியும், பாறை வரும், எழுதிய மதிப்பீடு அப்படியே நிற்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீதிகளும் மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் உடைந்தன. அந்த நேரத்தில் வீதியைத் திறந்த தொழிலாளியிடம் மதிப்பீட்டைக் காட்டு என்று எவரும் கேட்கமாட்டார்.

ஆனால் அவசரத்துக்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை ஒவ்வொரு வர்த்தகர் சங்கமும் அறிந்திருக்க வேண்டும். உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமென்றாலும், வெளிநாட்டுக் காசில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமென்றாலும், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதைப் பற்றிய தகவல்களைப் பொது மக்களுக்கும், பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. அவசரத் திட்டமானால் ஒரு கிழமை முன்பு, அவசரத்துக்கான காரணத்தோடு சொல்ல வேண்டும். ஐந்து இலட்சம் என்பது இன்று ஒரு சிறு மதகு கட்டும் காசு. அப்படியானால் நம் கடை வாசலில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவுக்குள் வரும்.

சூறாவளிக்குப் பின்னான திருத்த வேலைகளுக்கு வருடக்கணக்கில் காசு வரும். உதவியாகவும் வரும், கடனாகவும் வரும். அவசரம் என்ற சொல் எல்லாக் கோவையிலும் இருக்கும். கண் திறந்து பார்க்க வேண்டிய காலம் இதுதான். மதிப்பீட்டில் இருந்து ஒரு தடுப்புச் சுவரையோ மதகையோ வெட்டினால் அன்றைக்கு எதுவும் தெரியாது. ஒரு மழையில் அல்லது ஒரு வளைவில் தெரியும். 2025 மே மாதம் கொத்மலை, றம்பொடை கெரண்டி எல்லைப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதன் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், மலை வீதியின் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய காசு அதற்கே போகிறதா என்று பார்க்கும் கடமையை அது நமக்கு நினைவூட்டுகிறது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: உங்கள் கடைக்கு முன்னால் உள்ள வீதி எந்த வகுப்பு, யாருக்குச் சொந்தம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரதேச சபைத் தலைவரிடம் ஏ 7 வீதியைப் பற்றிச் சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

இரண்டு: வேலை தொடங்கும் கிழமையிலேயே சங்கத்தில் ஒருவர் தன் பெயரில் தகவல் விண்ணப்பம் போடட்டும். எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மூன்று: வரவு செலவுத் திட்ட காலத்தில் உங்கள் சபை உறுப்பினரிடம் ஒரு கடதாசி கேளுங்கள். சென்ற வருடம் ஒதுக்கிய வீதி வேலைகள், முதல் மதிப்பீடு, இப்போதைய செலவு, மாற்றம், காரணம். ஐந்து நிரல்கள்தான். நமது கடன் கொப்பியில் இதைவிட அதிகம் இருக்கிறது. சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் வருடாவருடம் பரிசோதித்து அறிக்கை வெளியிடுகிறார். உறுப்பினர் தந்த கடதாசியை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்கு: மாகாண சபைக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், வீதி போட்டுத் தருவேன் என்ற வாக்குறுதியை மட்டும் வாங்காதீர்கள். திட்டம் மாறினால், செலவு ஏறினால், சபையில் வைத்து எங்களுக்கு அறிவிப்பீர்களா என்று கேட்டு அதற்கும் பதில் வாங்குங்கள்.

நம்மில் சிலருக்குத் தயக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொந்தராத்துக்காரர் நம்மிடம் சீமெந்தும் கம்பியும் வாங்குபவராக இருப்பார். சிலவேளை நமது உறவினராகவே இருப்பார். சபை உறுப்பினர் நம் கல்யாண வீட்டுக்கு வந்தவராக இருப்பார். கணக்குக் கேட்டால் முகம் கோணுமே என்று பயப்படுகிறோம். கணக்குக் கேட்பது பகை இல்லை. கொடுத்த அமானிதத்தைப் பற்றி விசாரிப்பதுதான் அது. ஒழுங்காக வேலை செய்யும் கொந்தராத்துக்காரரை அது காப்பாற்றவும் செய்யும். மாற்றம் எங்கே இருந்து வந்தது என்பது கடதாசியில் தெளிவாக இருந்தால் ஊரார் அவரைத் திட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் அந்தப் பதினொரு மாதமும் அவர் வாங்கிய ஏச்சில் ஒரு பங்கு எங்கள் பன்னிரண்டு பேருக்கும் உரியது.

அந்த மரக்கறிக் கடை இன்றும் கீழ்த் தெருவில் இருக்கிறது. சென்ற மழைக் காலத்தில் நான் போய்ப் பார்த்தேன். வடிகானில் தண்ணீர் ஓடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது யாராவது கடையில் கடிதம் ஒன்றை நீட்டினால், லொறி நின்றாலும் சரி, வாடிக்கையாளர் நின்றாலும் சரி, கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டாவது பந்தியையும் வாசித்த பிறகே பேனையை எடுக்கிறேன்.